ரெட்டைன்னா ஒண்ணா, ரெண்டா?

நாமக்கல் முட்டையில் இருந்தே ஆரம்பிக்கலாம் மக்களே!

ஹாஸ்டல் மெஸ்ஸிலோ, தள்ளுவண்டிக் கடையிலோ ஆம்லெட்டுக்கு முட்டையை உடைக்கும்போது, எப்பவாவது ஒரே ஓட்டுக்குள் இருந்து ரெண்டு மஞ்சள் கரு 'பொத்'துனு வந்து விழும். உடனே, 'மச்சி, உனக்கு லக்குடா!'ன்னு ஒரு குரல் கேட்கும். கோழிப்பண்ணைக்காரங்களுக்கு இதுல எந்த அதிசயமும் கிடையாது. புதுசா முட்டை போட ஆரம்பிக்கிற இளம் கோழிகளிடம் இது சகஜம். நாளுக்கு ஒரு கருன்னு வரிசையா இறங்கணும். உடம்பு இன்னும் அந்த டைம்டேபிளுக்குப் பழகாததால ரெண்டு கரு அடுத்தடுத்து இறங்கிடும். ரெண்டையும் சேர்த்து ஒரே ஓடு மூடிக்கும். அவ்வளவுதான் மேட்டர்.

இப்ப ஒரு கேள்வி. அந்த ரெண்டு மஞ்சள் கருவும் 'அச்சு அசல்' ரெட்டையா, இல்ல வேற வேறயா?

வேற வேறதான்! ஒவ்வொரு மஞ்சள் கருவும் ஒரு தனி சினைமுட்டை. நம்ம தட்டுக்கு வர்ற பண்ணை முட்டை சேவல் சேராதது. அதனால அதுல குஞ்சுங்கிற பேச்சே இல்லை. சேவல் சேர்ந்த முட்டையா இருந்து, அதிசயமா ரெண்டும் பொரிஞ்சா, அது ரெண்டும் அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்குமே தவிர, ஜெராக்ஸ் காப்பியா இருக்காது. (ஓட்டுக்குள்ள இடமும் காத்தும் பத்தாது. அதனால ரெட்டைக் கரு முட்டை பொரியறதே அபூர்வம்.)

மனுஷ ரெட்டையிலும் முதல் கேள்வி இதேதான். ஒரு முட்டையா, ரெண்டு முட்டையா? நாம என்னடான்னா முகத்தைப் பார்த்துட்டு 'ரெட்டைப் பிள்ளைங்க மாதிரியே இல்லையே'ன்னு தீர்ப்பு எழுதிடறோம். அந்தத் தீர்ப்பு பல நேரம் தப்பு. சில நேரம் அந்தத் தப்பு ஆபத்தும் கூட. எப்படின்னு போகப் போகப் பார்ப்போம்.

வாழைப்பழம் பாவம்... விட்டுடுங்க!

பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் போனா காவிரிக்கரை பூரா வாழைத் தோட்டம்தான். சீப்புல எங்கயாவது ரெண்டு பழம் ஒட்டிக்கிட்டு இருந்தா போச்சு. 'நீ அதைத் திங்காத கண்ணு... ரெட்டைப் புள்ள பொறந்துரும்'னு பாட்டிங்க அதைப் பிடுங்கி பேரன் கையில கொடுத்துடுவாங்க. பழம் போறது இரைப்பைக்கு. அங்கிருந்து கருப்பைக்கு ரூட்டே கிடையாது. பாட்டிங்க மேல சத்தியமா, ஒட்டுப்பழத்துக்கும் ரெட்டைப் பிரசவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தைரியமா சாப்பிடுங்க.

அப்ப எதுக்குத்தான் சம்பந்தம் இருக்கு? அதுக்கு ரெட்டை உருவாகிற ரெண்டு ரூட்டையும் தெரிஞ்சுக்கணும்.

ரூட் 1: ரெண்டு முட்டை, ரெண்டு விந்தணு

வழக்கமா ஒரு மாசத்துல ஒரு சினைமுட்டைதான் வெளியே வரும். எப்பவாவது ரெண்டு வந்து, ரெண்டோடயும் தனித்தனி விந்தணு சேர்ந்தா ரெண்டு கரு. இதைத்தான் 'இரு கரு இரட்டையர்'னு சொல்றாங்க. ஒரே நேரத்துல ஒரே ரூம்ல தங்கின அண்ணன் தம்பி, அவ்வளவுதான். மரபணுவில் பாதி மட்டும்தான் சராசரியா ஒத்துப்போகும். ரெண்டும் ஆணா இருக்கலாம், ரெண்டும் பொண்ணா இருக்கலாம், ஆளுக்கு ஒண்ணாவும் இருக்கலாம்.

இந்த வகைதான் குடும்பத்துல தொடர்ந்து வரும். அதுவும் அம்மா வழியில! அம்மாவுக்கு ஒரே மாசத்துல ரெண்டு முட்டை வெளியிடற தன்மை இருக்கணும். அப்பா வீட்டுல எத்தனை ரெட்டை இருந்தாலும், அது அவர் மனைவியோட சினைப்பையை ஒண்ணும் பண்ணாது. ஆனா அந்தத் தன்மையை அவர் தன் மகளுக்குக் கொடுத்துட்டுப் போகலாம். 'எங்க பெரிய மாமாவும் சின்ன மாமாவும் ரெட்டை, அதனால எனக்கும் பொறக்கும்'னு ஒரு பொண்ணு சொன்னா அதுல கொஞ்சம் அர்த்தம் இருக்கு. அதையே மாப்பிள்ளை தன் மாமாக்களைப் பத்திச் சொன்னா, அவர் பொண்ணு வளர்ந்து கல்யாணம் ஆகுற வரைக்கும் காத்திருக்கணும்.

அம்மாவோட வயசு முப்பதைத் தாண்டினாலும் இந்த வாய்ப்பு ஏறும். சினைமுட்டையைத் தூண்டுற மாத்திரை, டெஸ்ட் டியூப் சிகிச்சைன்னு வந்தாச்சுன்னா இன்னும் ஏறும். சேலத்துல இருந்து ஈரோடு வரைக்கும் பஸ்ல போனா எத்தனை கருத்தரிப்பு மையத்தோட போர்டு கண்ணுல படுதுன்னு எண்ணிப் பாருங்க. உலகம் பூரா ரெட்டை கூடிக்கிட்டே போனதுக்கு இதுவும் ஒரு காரணம். 2021-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வுக் கணக்குப்படி, உலகத்துல வருஷத்துக்கு சுமார் 16 லட்சம் ஜோடி ரெட்டையர் பிறக்கிறாங்க. பிறக்கிற 42 குழந்தைகளில் ஒண்ணு ரெட்டையில் ஒண்ணு!

ரூட் 2: ஒரு முட்டை... பிரியறது எந்த நாள்?

இங்க ஒரு முட்டை, ஒரு விந்தணு, ஒரு கரு. அந்தக் கரு அப்புறமா ரெண்டாப் பிரியுது. ஏன் பிரியுதுன்னு இன்னிக்கு வரைக்கும் விஞ்ஞானிகள் முழுசா விடை சொல்லலை. பொதுவா இது பரம்பரையும் கிடையாது. உலகத்துல எந்த ஊரா இருந்தாலும் ஆயிரம் பிரசவத்துக்கு சுமார் 4-ங்கிற கணக்குல நடக்குது. இதுதான் 'ஒரு கரு இரட்டையர்'. எப்பவுமே ஒரே பால். ஒரே மரபணுவில் ஆரம்பிக்கிறவங்க.

இதுல செம இன்ட்ரஸ்டிங்கான விஷயம், எந்த நாள்ல பிரியுதுங்கிறதுதான். அதை வெச்சுத்தான் உள்ளே வீடு எப்படின்னு முடிவாகுது. வீட்டுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, நஞ்சுக்கொடி. அம்மாகிட்ட இருந்து சாப்பாடும் ஆக்சிஜனும் வாங்கித் தர்ற 'மெஸ்'. இன்னொண்ணு, பனிக்குடம். குழந்தை மிதக்கிற 'ரூம்'.

முதல் 3 நாளுக்குள்ள பிரிஞ்சா, ஆளுக்கு ஒரு ரூம், ஆளுக்கு ஒரு மெஸ். ஒரு கரு இரட்டையரில் சுமார் மூணுல ஒரு பங்கு இப்படித்தான்.

4-ல் இருந்து 8 நாளுக்குள்ள பிரிஞ்சா, ரூம் தனித்தனி, மெஸ் ஒண்ணு. பெரும்பாலான ஒரு கரு இரட்டையர் இந்த வகைதான்.

8 நாளைத் தாண்டி 12 நாள் வரைக்கும் ஆச்சுன்னா ரூமும் ஒண்ணு, மெஸ்ஸும் ஒண்ணு. இது ரொம்ப அபூர்வம். ஒரே குடத்துல மிதக்கிறதால ரெண்டு தொப்புள் கொடியும் பின்னிக்கிற ஆபத்து உண்டு.

13 நாளையும் தாண்டினா முழுசாப் பிரியவே முடியாம ஒட்டிப் பிறக்கிறாங்க. 'மாற்றான்' (2012) படத்துல சூர்யா பண்ணினது இந்தக் கேரக்டர். 1811-ல் சயாம் நாட்டுல, அதாவது இன்றைய தாய்லாந்துல பிறந்த சாங், எங் சகோதரர்களால்தான் இவங்களுக்கு 'சயாமிய இரட்டையர்'னு பேரே வந்தது. ரெண்டு பேரும் ஒட்டினபடியே 62 வருஷம் வாழ்ந்து 1874-ல் இறந்தாங்க.

இந்த ரெண்டு ரூட்டுக்கும் நடுவுல ஒரு குறுக்குச் சந்தும் இருக்கு! 2014-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துல ஒரு கர்ப்பிணிக்கு 6-வது வாரம் ஸ்கேன் எடுத்தாங்க. ஒரே நஞ்சுக்கொடி தெரிஞ்சது. ஓகே, ஒரு கரு இரட்டைன்னு எழுதிட்டாங்க. 14-வது வாரம் பார்த்தா ஒண்ணு ஆண், ஒண்ணு பெண்! டாக்டர்களுக்கே தலை சுத்திடுச்சு. ஒரே முட்டைக்குள்ள ரெண்டு விந்தணு நுழைஞ்சு, அப்புறம் பிரிஞ்ச கேஸ் அது. அம்மா பக்கத்து மரபணு ரெண்டு பேருக்கும் அப்படியே ஒண்ணு. அப்பா பக்கத்துல மட்டும் வித்தியாசம். 'அரை ஒற்றுமை' இரட்டையர்னு வெச்சுக்கலாம். 2019-ல் இதை மருத்துவ இதழில் வெளியிட்டப்போ, உலகத்துலயே இது ரெண்டாவது கேஸ்!

சேலத்தில் பிறந்த ரெட்டை

ரெட்டைன்னாலே ஜெராக்ஸ் காப்பின்னு நம்ம மண்டையில ஏத்தினது யாரு? வேற யாரு, சினிமாதான். அந்த வேலையைத் தமிழ்ல ஆரம்பிச்சு வெச்ச ஊரு நம்ம சேலம்!

ஏற்காடு ரோட்டுல போறப்ப ஒத்தையா நிக்குமே ஒரு நுழைவு வளைவு, அந்த மாடர்ன் தியேட்டர்ஸ்ல 1940-ல் உருவான படம் 'உத்தம புத்திரன்'. டி.ஆர்.சுந்தரம் எடுத்தது. ராஜாவுக்கு ரெட்டைப் பிள்ளைங்க. ஒருத்தன் அரண்மனையில வளர, இன்னொருத்தன் வெளியே வளர்றான். ரெண்டு பேரும் பி.யு.சின்னப்பாதான். தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேடப் படம்னு இதைத்தான் சொல்றாங்க. 1958-ல் அதே பேர்ல சிவாஜி, 1965-ல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர்., 'குழந்தையும் தெய்வமும்' படத்துல குட்டி பத்மினி, 1998-ல் 'ஜீன்ஸ்' பிரசாந்த், 1999-ல் 'வாலி' அஜித்னு லிஸ்ட் போய்க்கிட்டே இருக்கு. ஒரே நடிகர் ரெண்டு வேஷம் போட்டாத்தானே தியேட்டர்ல விசில் பறக்கும்? அதனால சினிமாவுல ரூட் 1 ரெட்டைக்கு சான்ஸே கிடைக்கிறது இல்ல. நிஜத்துல அவங்கதான் மெஜாரிட்டி.

சினிமாவுல ஒருத்தர் மட்டும் விதிவிலக்கு. 'அபூர்வ சகோதரர்கள்' (1989) அப்பு! முகம் ஒண்ணு, உயரம் வேற. கதைப்படி அது விஷத்தால. நிஜத்துல இவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லைன்னாலும், ஒரு கரு இரட்டையரில் ஒருத்தர் குண்டாவும் ஒருத்தர் ஒல்லியாவும் பிறக்கிறது உண்டு. மெஸ் ஒண்ணுன்னாலும் பரிமாறுறது ஒரே அளவா இருக்கணும்னு இல்லையே!

கண்டுபிடிக்க நாலு டெஸ்ட்

உங்க கிளாஸ்ல ஒரு ரெட்டை ஜோடி இருக்குன்னு வெச்சுக்குங்க. எந்த வகைன்னு எப்படிச் சொல்றது?

முதல் டெஸ்ட், ஆணா பெண்ணா? ஆளுக்கு ஒண்ணுன்னா இரு கரு. பிரிஸ்பேன் மாதிரி அபூர்வ கேஸ் தவிர இதுக்கு அப்பீல் கிடையாது. அண்ணனும் தங்கச்சியுமா இருக்கிறவங்ககிட்ட போய் 'நீங்க அச்சு அசல் ட்வின்ஸா?'ன்னு கேட்டு மானத்தை வாங்காதீங்க ப்ளீஸ்.

ரெண்டாவது, ரத்த குரூப். வேற வேறன்னா இரு கரு. ஒண்ணா இருந்தா? ஒண்ணும் சொல்ல முடியாது. கூடப் பிறந்தவங்களுக்கு ஒரே குரூப் இருக்கிறது சாதாரணம்தானே. வித்தியாசம் இருந்தா அது சாட்சி. ஒற்றுமை இருந்தா அது வெறும் சந்தேகம். இந்த லாஜிக்கை மனசுல வெச்சுக்குங்க.

மூணாவது, நஞ்சுக்கொடி. இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. 'பிரசவத்துல ரெண்டு கொடி இருந்துச்சுன்னு நர்ஸம்மா சொன்னாங்க, அதனால இவங்க ஒரே கரு இல்ல'ன்னு எத்தனையோ வீட்டுல சொல்லிச் சொல்லியே வளர்த்திருப்பாங்க. மேல பார்த்தோமே, முதல் 3 நாளுக்குள்ள பிரிஞ்சா ஒரு கரு இரட்டைக்கும் ரெண்டு கொடிதான்! அதே மாதிரி, ரெண்டு தனிக் கொடி பக்கத்துல பக்கத்துல ஒட்டி வளர்ந்து, பார்வைக்கு ஒண்ணாத் தெரியறதும் உண்டு. நிஜமாவே ஒரே கொடின்னு டாக்டர் உறுதி பண்ணினா அது ஒரு கரு. ரெண்டு கொடின்னா, ரெண்டு பேரும் ஒரே பாலா இருக்கிற வரைக்கும் கேஸ் ஓப்பன்.

நாலாவது, டி.என்.ஏ. டெஸ்ட். கன்னத்தின் உள்பக்கம் ஒரு குச்சி பஞ்சால தடவி எடுத்தாப் போதும். கேஸ் க்ளோஸ்.

முகம் மட்டும் இந்த லிஸ்ட்லயே இல்லை, கவனிச்சீங்களா?

உயிர் போற விஷயம்... ரேகை பார்த்த போலீஸ்!

'எந்த வகையா இருந்தா என்ன பாஸ்? பர்த் டே கேக் ஒண்ணுதானே!'ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு நிஜக் கதை.

1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ரிச்சர்ட் ஹெரிக்ங்கிற 23 வயசு இளைஞருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. அந்தக் காலத்துல அப்படின்னா நாள் எண்ண வேண்டியதுதான். அதுவரைக்கும் அடுத்தவங்க கிட்னியை வெச்சுப் பார்த்த முயற்சிகள் நிலைக்கலை. உடம்பு 'இது என்னோடது இல்ல'ன்னு தூக்கி எறிஞ்சுடும். ஆனா ரிச்சர்டுக்கு ரொனால்டுன்னு ஒரு ரெட்டைச் சகோதரன் இருந்தார். கிட்னி தரவும் ரெடி. ரெண்டு பேரும் ஒரு கருவா இருந்தா உடம்பு ஏத்துக்கும். இரு கருவா இருந்தா ரிச்சர்டும் போவார், ரொனால்டோட ஒரு கிட்னியும் வீண்.

டி.என்.ஏ. டெஸ்ட் அப்ப ஏது? டாக்டர் ஜோசப் முர்ரே டீம் ஒருத்தர் தோலைக் கொஞ்சம் எடுத்து அடுத்தவர் உடம்புல ஒட்ட வெச்சுப் பார்த்தாங்க. தோல் அப்படியே ஒட்டிக்கிச்சு. போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பி ரெண்டு பேர் கைரேகையையும் ஒப்பிட்டாங்க. 1954 டிசம்பர் 23, ஆபரேஷன். கிட்னி வேலை செஞ்சது! உலகத்தின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை அதுதான். ரிச்சர்ட், தன்னைக் கவனிச்சுக்கிட்ட நர்ஸையே கல்யாணம் பண்ணி, ரெண்டு குழந்தைக்கு அப்பாவாகி 8 வருஷத்துக்கு மேல வாழ்ந்தார். ரொனால்டு 2010 வரைக்கும் இருந்தார். முர்ரேவுக்கு 1990-ல் நோபல் பரிசு.

'எந்த வகை'ங்கிற கேள்விக்கான விடைதான் ஒரு உயிரைக் காப்பாத்துச்சு.

ரேகையைப் பத்தி ஒரு எக்ஸ்ட்ரா பிட். ஒரு கரு இரட்டையருக்குக் கைரேகையோட டிசைன் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஆனா அச்சு அசலா ஒண்ணா இருக்கவே இருக்காது. கர்ப்பத்தின் மூணாவது, நாலாவது மாசத்துல விரல் நுனி வளர்றப்போ, சுத்தி இருக்கிற பனிநீரோட அழுத்தம், விரல் வளர்ற வேகம்னு சின்னச் சின்ன விஷயமெல்லாம் சேர்ந்து கோடு போடுது. கண்ணின் கருவிழிப் படலமும் அப்படித்தான், ஆளுக்கு ஒண்ணு. ஆதார்ல பத்து விரலையும் ரெண்டு கண்ணையும் பதிவு பண்றது ரெட்டைக்கும் சரியா வேலை செய்யறது இதனாலதான். முகம் அப்படி இல்லை. ரெட்டையர் விஷயத்துல ஃபேஸ் லாக் ஏமாற வாய்ப்பு அதிகம்னு ஆப்பிள் கம்பெனியே சொல்லுது. ஆக, அட்டெண்டன்ஸ்ல ரெட்டைச் சகோதரனுக்கு ப்ராக்ஸி கொடுக்கிற கில்லாடிகளே... புரொஃபசர் கண்ணை ஏமாத்தலாம், விரல் வைக்கிற மெஷினை முடியாது!

டி.என்.ஏ.விலும் நூத்துக்கு நூறு ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. 2021-ல் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் முழு மரபணுத் தொகுதியையும் படிச்சுப் பார்த்தாங்க. கரு வளர ஆரம்பிச்ச காலத்துலயே ஒரு கரு இரட்டையருக்குள் சராசரியா 5 எழுத்து மாறியிருந்தது. முன்னூறு கோடி எழுத்துல அஞ்சு! அதுவும் போதும், இவர் வேற அவர் வேறன்னு சொல்ல.

ரெட்டையரில் ஒருத்தர்... பிரசவ டாக்டர்!

தமிழ்நாட்டோட ரொம்பப் பிரபலமான ரெட்டையர் யாருன்னு கேட்டா, ஆற்காடு சகோதரர்கள்தான். 1887 அக்டோபர் 14-ல் கர்னூலில் பிறந்தவங்க. ஒருத்தர் சர் ஏ.ராமசாமி முதலியார். மைசூர் திவானா இருந்தவர், ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவர். இன்னொருத்தர் சர் ஏ.லட்சுமணசாமி முதலியார். 1942-ல் இருந்து 1969 வரைக்கும், 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்! உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கும் தலைமை வகிச்சவர். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எண்பதைத் தாண்டி வாழ்ந்தவங்க.

லட்சுமணசாமி யார் தெரியுமா? மகப்பேறு மருத்துவர். ரெட்டையாப் பிறந்து, பிரசவம் பார்க்கிற டாக்டரானவர்! 1938-ல் அவர் எழுதின மகப்பேறு மருத்துவப் புத்தகம், பிறகு டாக்டர் கிருஷ்ண மேனனும் சேர்ந்து, பதிப்பு மேல பதிப்பா வந்து, இன்னிக்கும் மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் கையில இருக்கு.

அவர் அந்தப் புத்தகத்தை எழுதினப்போ ஸ்கேன் கிடையாது. கருவில் இருக்கிற குழந்தையை ஒலி அலையால பார்க்கிற முறையை, ஸ்காட்லாந்தின் இயன் டொனால்ட் டீம் உலகத்துக்குச் சொன்னதே 1958-ல்தான். அதுக்கு முன்னாடி வயித்துல கை வெச்சு, ரெண்டு இதயத் துடிப்பு கேட்குதான்னு காது வெச்சுத்தான் ரெட்டைன்னு கண்டுபிடிக்கணும். கொடி ஒண்ணா ரெண்டாங்கிறது பிரசவம் முடிஞ்ச பிறகுதான் தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அதுக்குள்ள நடக்க வேண்டியது நடந்து முடிஞ்சிருக்கும்.

என்ன நடக்கும்? ஒரே மெஸ் ரெட்டையில, கொடிக்குள்ள ரெண்டு குழந்தையோட ரத்தக்குழாய்களும் இணைஞ்சிருக்கும். பெரும்பாலும் வரவும் செலவும் சரியாப் போகும். ஆனா இப்படிப்பட்ட கர்ப்பத்தில் நூத்துக்குப் பத்துப் பதினஞ்சில், ஒரு குழந்தையோட ரத்தம் ஒருவழிப் பாதை மாதிரி அடுத்த குழந்தைக்கே போய்க்கிட்டு இருக்கும். கொடுக்கிற குழந்தை வாடும், பனிநீர் வத்திப்போகும். வாங்குற குழந்தைக்கு ரத்தம் ஓவராகி இதயம் திணறும். கடுமையான நிலையை அப்படியே விட்டா பெரும்பாலும் ரெண்டு உயிருமே தங்காது. நேரத்தோட கண்டுபிடிச்சா, கருப்பைக்குள்ளயே லேசர் விட்டு அந்த இணைப்புக் குழாய்களை அடைக்கிற சிகிச்சை இருக்கு. நம்ம நாட்டுலயும் செய்யறாங்க.

'நேரத்தோட'ங்கிறதுதான் பிரச்சனை. ஒரு கொடியா ரெண்டு கொடியான்னு தெளிவா சொல்லக்கூடிய நேரம் 10-ல் இருந்து 14-வது வாரம். ரெண்டு பனிக்குடத்தை நடுவுல பிரிக்கிற சவ்வு, கொடியைத் தொடற இடத்தை டாக்டர் பார்ப்பார். அங்க முக்கோணமா சதை ஏறியிருந்தா 'லாம்ப்டா' அடையாளம், கொடி ரெண்டு. கோடு மட்டும் நேரா, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி வந்து முட்டினா கொடி ஒண்ணு. நாள் ஆக ஆக அந்த முக்கோணம் மங்கிடும். அஞ்சாம் மாசம் போய் நின்னா டாக்டராலயே அடிச்சுச் சொல்ல முடியாம போகலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்ல இதை நாலெழுத்துல எழுதியிருப்பாங்க. 'டி.சி.டி.ஏ.'ன்னா தனி மெஸ், தனி ரூம். 'எம்.சி.டி.ஏ.'ன்னா ஒரே மெஸ், தனி ரூம். 'எம்.சி.எம்.ஏ.'ன்னா ரெண்டுமே ஒண்ணு. முதல் வகைக்கு மாசம் ஒரு ஸ்கேன் பெரும்பாலும் போதும். 'எம்.சி.'ன்னு ஆரம்பிச்சா 16-வது வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் பார்க்கணும்ங்கிறது மருத்துவ விதி.

தப்பான கேள்வி, சரியான கேள்வி

ஸ்கேன்னு சொன்னாலே நம்ம மாவட்டங்கள்ல ஒரு கசப்பான ஞாபகம் உண்டு. பொண்ணாப் பிறந்தா வேண்டாம்னு நினைச்ச வீடுகளுக்காக, 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சதே சேலத்துலதான். கருவில் இருக்கிறது ஆணா பெண்ணான்னு கேட்கிறதும் சொல்றதும் 1994-ம் வருஷச் சட்டப்படி குற்றம். எல்லா ஸ்கேன் சென்டர் சுவத்துலயும் அந்த போர்டு தொங்குது. அப்படியிருந்தும் சொந்தக்காரங்க மெதுவா காதைக் கடிக்கிறது என்னமோ அதே கேள்வியைத்தான். ரெட்டைன்னா டபுளா கடிப்பாங்க, 'ரெண்டும் பையனா?'ன்னு.

கேட்கக் கூடாத அந்தக் கேள்வியை இத்தனை பேர் கேட்கிறோம். கேட்கலாம், கேட்டே ஆகணும்ங்கிற கேள்வியை யாருமே கேட்கிறது இல்லை.

இதைப் படிக்கிற நம்ம எல்லாருக்கும் ஒரு அக்காவோ, அண்ணியோ, சித்தியோ இருப்பாங்க. நாளைக்கே அவங்க வீட்டுல 'ரெட்டையாம்!'னு சந்தோஷமா போன் வரலாம். ஸ்வீட் சாப்பிடுங்க. பேர் செலக்ட் பண்ணுங்க. அப்படியே அந்த ரிப்போர்ட்டையும் வாங்கி, நாலெழுத்து இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப கேட்கச் சொல்லுங்க.

'டாக்டர், நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா?'

எந்தச் சட்டமும் இதைத் தடுக்கலை. மூணாவது மாசம் முடியறதுக்குள்ள கேட்கணும், அவ்வளவுதான்!